வானலை ஓர் அமானிதம்

பொருளை ஒப்படைத்தவன் கணக்குக் கேட்க உரிமை உடையவன். பெற்றுக்கொண்டவன் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன். இந்த எளிய நியதியை ‘அமானத்’ என்னும் ஒரே அரபுச் சொல் தாங்கி நிற்கிறது. நம் இல்லங்களில் ‘அமானிதம்’ என்று வழங்குவதும் அதுவே. நகையும் நிலமும் ரொக்கமும் மட்டுமே அமானிதமாகும் என்று எண்ணிவிடலாகாது. கண்ணுக்குப் புலனாகாத ஒன்றும் அமானிதமாகலாம் என்பதை நம் நாட்டின் உச்ச நீதிமன்றம் 1995 பிப்ரவரி 9 அன்று வேறு சொற்களால் நிலைநாட்டிற்று. கிரிக்கெட் ஆட்டங்களை ஒளிபரப்பும் உரிமை பற்றி மத்திய அரசுக்கும் வங்காளக் கிரிக்கெட் சங்கத்துக்கும் நிகழ்ந்த வழக்கு அது. வானலைகள் பொதுமக்களின் சொத்து. பொதுநலன் கருதிப் பொது அமைப்பு ஒன்றே அவற்றை ஒழுங்குபடுத்த வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சொத்து மக்களுடையது என்றால் கணக்குக் கேட்பவர் யார்? மக்கள் அனைவரும் ஒருங்கே சென்று கேட்க இயலாது. தம் சார்பில் கேட்பதற்காகவே அவர்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்து மன்றங்களுக்கு அனுப்புகின்றனர். அப்பிரதிநிதிகள் வானொலியையும் தொலைக்காட்சியையும், அவற்றை இயக்கும் அரசின் தொழில்நுட்ப முடிவுகளையும் எவ்வளவு தூரம் கண்காணித்துள்ளனர் என்பதே இக்கட்டுரையின் பொருள். சட்டம் பயின்றோர்க்கே உரிய செய்தி என்று இதனை ஒதுக்கிவிட வேண்டாம். ஒரு மலையை முன்னிறுத்தி நோக்கினால் எல்லோர்க்கும் விளங்கும்.

மலையும் அலையும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை தமிழ் படித்தோர்க்குப் புதியதன்று. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்த மேட்டுநிலம்; காரவள்ளியிலிருந்து ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என்று பழைய ‘நாடு’களின் பெயராலேயே ஊர்கள் இன்றும் வழங்குகின்றன. மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து, மிளகும் பலாவும் அன்னாசியும் சந்தைக்கு இறக்கி வாழ்கின்றனர்.

இத்தகைய நிலத்தில் அலையின் இயல்பை அறிவது இன்றியமையாதது. மத்திய அலை நிலத்தைத் தழுவிச் செல்வது. இரவில் வான்மண்டலத்து மேலடுக்கில் பட்டுத் திரும்பித் தொலைவிலும் இறங்குவது. பண்பலையும் தரைவழித் தொலைக்காட்சி அலையும் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்வன. இடையே குன்று நின்றால் அதன் நிழல் விழும். முகட்டில் நிற்பவனுக்குத் தெளிவாகக் கேட்கும் நிலையம் அதே மலையின் மடிப்பில் அமைந்த சிற்றூருக்குக் கேளாமற் போகலாம். செயற்கைக்கோள் வழி வரும் அலையோ மேலிருந்து இறங்குவது. ஆனால் அதனைப் பெறக் கிண்ண அலைவாங்கியும் மின்சாரமும் வேண்டும். ஆகவே எந்த அலையைப் பேணுவது, எதனைக் கைவிடுவது, எந்த நிலையத்தின் ஆற்றலைக் கூட்டுவது என்பன பொறியாளர் மட்டும் தீர்க்கும் கணக்குகளல்ல. எந்த ஊருக்குச் செய்தி போகும், எந்த ஊருக்குப் போகாது என்பதைத் தீர்க்கும் அரசியல் முடிவுகள் அவை. மழையெச்சரிக்கையும் சந்தை விலையும் பள்ளிப் பாடமும் அம்முடிவுகளையே பின்பற்றிச் செல்கின்றன.

முதல் அரை நூற்றாண்டு

தமிழகத்தில் ஒலிபரப்பின் தொடக்கம் அரசினது அன்று. 1924-இல் சென்னை மாகாண வானொலிக் கழகம் என்ற ஆர்வலர் அமைப்பு சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முயற்சியால் தோன்றி, அவ்வாண்டு ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பணமுடையால் 1927-இல் அது நின்றுபோக, அதன் கருவி சென்னை மாநகராட்சியிடம் சேர்ந்தது. 1930 ஏப்ரல் 1 முதல் மாநகராட்சியே ஒலிபரப்பை நடத்தியது. இச்செய்தியின் உட்பொருள் கருதத்தக்கது. நகர மக்களின் மன்றம் ஒன்று செலவுக்குப் பணம் ஒதுக்கிக் கணக்குக் கேட்கும் நிலையில் தமிழ்நாட்டின் பொது ஒலிபரப்பு எட்டு ஆண்டுகள் நடந்தேறியது.

வடபுலத்தில் கதை வேறாக நிகழ்ந்தது. இந்திய ஒலிபரப்புக் கம்பெனி என்னும் தனியார் நிறுவனம் 1927-இல் பம்பாயிலும் கல்கத்தாவிலும் நிலையங்களைத் திறந்தது. ஆண்டுக்குப் பத்து ரூபாய் உரிமக் கட்டணம். 1929 முடிவில் நாடெங்கும் 7,775 உரிமங்களே இருந்தன. கம்பெனி 1930-இல் மூழ்கிற்று. சென்னை மாநகராட்சி ஒலிபரப்பைத் தொடங்கிய அதே ஏப்ரல் 1 அன்று மத்திய அரசு அந்நிலையங்களைத் தன் கையில் எடுத்தது. மறு ஆண்டே பொருளாதாரச் சுருக்கம் காரணமாக ஒலிபரப்பை மூடிவிட அக்டோபரில் ஆணையிட்டது. பொதுமக்களின் எதிர்ப்பு வலுக்கவே நவம்பரில் பின்வாங்கிற்று. இன்று நாம் தேசியச் செல்வமெனக் கருதும் வானொலி ஓர் ஆணையால் மறையவிருந்து, மக்களின் குரலால் பிழைத்தது என்பது மறக்கத்தகாத வரலாறு.

1936 ஜூன் 8 அன்று அது அகில இந்திய வானொலி என்று பெயர் பெற்றது. சென்னை நிலையம் 1938 ஜூன் 16 அன்றும், கொல்லிமலைக்குத் தென்கிழக்கே திருச்சி நிலையம் 1939 மே 16 அன்றும் தொடங்கின. மாநகராட்சி ஒலிபரப்பு முற்றுப்பெற்றது. 1947-இல் நாடு விடுதலை பெற்றபோது இந்திய எல்லைக்குள் இருந்த வானொலி நிலையங்கள் ஆறு. அவற்றுள் இரண்டு தமிழகத்தில் இருந்தன. ஆயினும் அந்த ஆறும் சேர்ந்து நாட்டின் பரப்பில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கையும், மக்களில் நூற்றுக்குப் பதினொரு பங்கினரையுமே எட்டின.

1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம், மாகாணங்கள் ஒலிபரப்பு அதிகாரம் கேட்டால் நியாயமின்றி மறுக்கலாகாது என்று விதித்திருந்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு, ஒலிபரப்பை மத்தியப் பட்டியலின் 31-ஆம் இனத்தில் அஞ்சல், தந்தி, தொலைபேசி ஆகியவற்றோடு சேர்த்து வைத்தது. அன்று முதல் வானொலி பற்றிச் சட்டம் இயற்றும் உரிமை தில்லிப் பாராளுமன்றத்துக்கே உரியதாயிற்று. எனவே கொல்லிமலைவாசியின் வானொலிக்காகக் கேள்வி எழுப்ப வேண்டியவர் மக்களவையிலும் மாநிலங்களவையிலும் அமர்ந்திருப்பவரே.

கேள்வி அடங்கிய நாட்கள்

அரசின் துறையாகவே வானொலி இருத்தல் தகாது என்ற கருத்து பின்னாளில் வலுத்தது. 1964-இல் அமைக்கப்பட்ட ஏ. கே. சந்தா குழு, வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தனித்தனிக் கழகங்கள் வேண்டும் என்று 1966-இல் பரிந்துரைத்தது. அரசு அதன் பாதியையே ஏற்றது. பத்தாண்டுகள் கழித்து, 1976 ஏப்ரல் 1 அன்று தொலைக்காட்சி வானொலியிலிருந்து பிரிக்கப்பட்டது. இரண்டும் அரசுத் துறைகளாகவே நீடித்தன.

அந்த 1975, 1976-ஆம் ஆண்டுகள் இப்பொருளில் தனியே நோக்கத்தக்கவை. 1975 ஜூன் மாதம் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட் 1 அன்று செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை தொடங்கி, ஆறு மாநிலங்களின் 2,400 சிற்றூர்களுக்கு ஓராண்டு நிகழ்ச்சிகளை வழங்கிற்று. அந்த ஆறில் தமிழகம் இல்லை. ஆனால் ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பிறந்தது. அறிவியல் துறையில் அஃது உயர்ந்த காலம். அதே வேளையில் செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. வானொலியில் ஆளுங்கட்சியின் குரல் மட்டுமே ஓங்கிற்று. 1975 ஜூலையில் கூடிய பாராளுமன்றக் கூட்டத்தொடரில் கேள்வி நேரமும் நிறுத்தி வைக்கப்பட்டது. வானொலி ஒரே குரலில் பேசிய காலமும், மன்றத்தில் கேள்வி அடங்கிய காலமும் ஒன்றாக அமைந்தமை தற்செயலன்று. புதிய கருவி தன்னளவில் உரிமை வழங்குவதில்லை என்பதும், கேட்பார் இல்லாதபோது கருவியின் ஆற்றல் ஆள்வோருக்கே பயன்படும் என்பதும் அந்த ஆண்டுகள் புகட்டிய பாடங்கள்.

1977-இல் ஆட்சி மாறிற்று. புதிய அரசு, நெருக்கடிக் காலத்தில் செய்தி ஊடகங்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டமை குறித்து ஆகஸ்டில் வெள்ளை அறிக்கை வெளியிட்டது. பி. ஜி. வர்கீஸ் தலைமையிலான குழு 1978-இல் ‘ஆகாஷ் பாரதி’ என்ற பெயரில் அரசின் பிடியினின்று விலகிய தேசிய அறக்கட்டளை ஒன்றை அமைக்கச் சொல்லிற்று. 1979-இல் வந்த பிரசார் பாரதி மசோதா அந்தக் கருத்தின் மெலிந்த வடிவமாகவே இருந்தது. மக்களவை கலைக்கப்பட்டதால் அதுவும் காலாவதியாயிற்று. எதிர்க்கட்சியாக இருக்கையில் தன்னாட்சியைக் கோருவதும், ஆட்சி கைவந்ததும் காலம் கடத்துவதும் ஒரு கட்சிக்கு மட்டும் உரிய வழக்கமன்று என்பதைப் பின்வரும் செய்திகள் காட்டும்.

இரண்டு பிரிவுகள்

1989 டிசம்பரில் மீண்டும் மசோதா வந்தது. திருத்தங்களுடன் நிறைவேறி, 1990 செப்டம்பர் 12 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, பிரசார் பாரதிச் சட்டம் ஆயிற்று. இதன் இரண்டு பிரிவுகளை நம் குடும்பங்கள் ஒவ்வொன்றும் அறிந்திருத்தல் நலம்.

பன்னிரண்டாம் பிரிவு நிறுவனத்தின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. கிராமப்புறத்தார், நலிந்த பிரிவினர், பின்தங்கிய பகுதிகளிலும் எட்டாத் தொலைவிலும் வாழ்வோர் ஆகியோர்க்குத் தொண்டு செய்தல் அவற்றுள் ஒன்று. சிறுபான்மையினர், பழங்குடியினர் ஆகியோரின் சிறப்புத் தேவைகளைக் கருத்திற்கொண்டு தக்க நிகழ்ச்சிகள் வழங்குதல் மற்றொன்று. பொருத்தமான தொழில்நுட்பத்தைத் தேர்ந்து எல்லாப் பகுதிகளுக்கும் ஒலி, ஒளிபரப்பைக் கொண்டு சேர்த்தல் இன்னொன்று. சிறுபான்மையினரையும் பழங்குடியினரையும் சட்டம் ஒரே வரியில் நிறுத்தியிருப்பதைக் காண்க. பிறைச் செய்திக்காக வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அமர்ந்த நம் இல்லங்களும், கொல்லிமலையின் பழங்குடி இல்லங்களும் அவ்வரியில் அருகருகே அமர்ந்துள்ளன. மலைவாசியின் உரிமை தேய்ந்தால் நம் உரிமையும் உடன் தேயும்.

பதின்மூன்றாம் பிரிவு காவலரை நியமிக்கிறது. மக்களவை தேர்ந்தெடுக்கும் 15 பேரும் மாநிலங்களவை தேர்ந்தெடுக்கும் 7 பேரும் ஆக 22 உறுப்பினர் கொண்ட குழு, நிறுவனம் தன் கடமைகளைச் சட்டப்படி ஆற்றுகிறதா என்று பார்த்துப் பாராளுமன்றத்துக்கு அறிக்கை தரவேண்டும். ஒரு கட்சியே எல்லா இடங்களையும் கைப்பற்றாதவாறு விகிதாசார முறையில் தேர்தல் நடைபெற வேண்டும். கடமையை ஒரு பிரிவில் எழுதி, கடமையைக் கேட்பவரை அடுத்த பிரிவிலேயே எழுதி வைத்தனர். எழுதியவரை அது நல்ல ஏற்பாடே.

காலியான இருக்கைகள்

சட்டம் நிறைவேறிய பின் ஏழு ஆண்டுகள் அஃது ஏட்டிலேயே உறங்கிற்று. 1997 செப்டம்பர் 15 அன்றே நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 23 அன்று பிரசார் பாரதி நிறுவனம் உருப்பெற்றது. இவ்விரு நாட்களுக்கும் இடையே, அக்டோபரில், ஓர் அவசரச் சட்டம் பிறந்து பாராளுமன்றக் குழு பற்றிய ஏற்பாட்டையே நீக்கிற்று. 1998-இல் அந்த அவசரச் சட்டம் காலாவதியாக, நீக்கப்பட்ட பிரிவு மீண்டும் உயிர் பெற்றது. உயிர் பெற்றதே தவிர உருப்பெறவில்லை. 22 பேருக்கும் உரிய இருக்கைகள் காலியாகவே நின்றன. சாம் பிட்ரோடா தலைமையிலான வல்லுநர் குழு 2014 ஜனவரியில் அளித்த அறிக்கையிலும், சட்டப்படி அந்தப் பாராளுமன்றக் குழுவை அமைக்க வேண்டும் என்று பரிந்துரை செய்ய நேர்ந்தது. பல கட்சிகள் மாறி மாறி ஆண்ட கால் நூற்றாண்டில் சட்டத்தின் ஒரு பிரிவு இவ்வாறு வாளா கிடந்தது.

இக்குழு வேண்டாம் என்போர்க்கும் ஒரு நியாயம் உண்டு. அமைச்சரின் பிடியை நீக்கி 22 உறுப்பினர்களின் பிடியில் ஒப்படைத்தால் தன்னாட்சி எங்கே நிற்கும் என்று அவர்கள் கேட்டனர். எந்தப் பாடகரை அழைப்பது, எந்தச் செய்தியை முன்னே வைப்பது என்று உறுப்பினர்கள் தலையிடுவார்களானால் அந்த அச்சம் மெய்யே. ஆனால் கண்காணிப்பும் தலையீடும் ஒன்றல்ல.

இஸ்லாமிய ஆட்சி வரலாற்றில் ‘முஹ்தஸிப்’ என்னும் அதிகாரி இருந்தார். பதினோராம் நூற்றாண்டு அறிஞர் அல்மாவர்தி தம் ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்ற நூலில் அப்பதவிக்கெனத் தனி அதிகாரம் வகுத்துள்ளார். அங்காடியில் எடைக்கல் சரியா, அளவைப்படி நேரியதா என்று பார்ப்பது முஹ்தஸிபின் கடமை. அவர் சரக்கு விற்பதில்லை. வணிகன் எந்தச் சரக்கை விற்க வேண்டும் என்று கட்டளையிடுவதும் இல்லை. நம் தமிழ் மண்ணிலும் இத்தகைய நெறி உண்டு. பத்தாம் நூற்றாண்டில் முதற் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவரை மறுபடி தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் என்று விலக்குவதோடு, அவருடைய நெருங்கிய உறவினரையும் விலக்குகிறது. எடைக்கல்லைப் பார்ப்பதும் கணக்கைக் கேட்பதும் சுதந்திரத்தைப் பறிப்பதாகா. பன்னிரண்டாம் பிரிவு என்னும் எடைக்கல்லைக் கையில் வைத்து நிறுத்துப் பார்ப்பதற்கே பதின்மூன்றாம் பிரிவின் குழு எழுதப்பட்டது.

வேறு கண்காணிப்பு இல்லையா?

முற்றும் இல்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 1993-இல் பாராளுமன்றம் துறைவாரி நிலைக்குழுக்களை நிறுவிற்று. மக்களவையின் 21 பேரும் மாநிலங்களவையின் 10 பேரும் அமரும் தகவல் தொழில்நுட்ப நிலைக்குழு, ஒலிபரப்பு அமைச்சகத்தின் மானியக் கோரிக்கைகளை ஆண்டுதோறும் ஆராய்கிறது. ஊராட்சிகள் அனைத்தையும் கண்ணாடி இழைக் கம்பியால் இணைக்க 2011-இல் வகுக்கப்பட்டுப் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய பெருந்திட்டமும் அதன் பார்வைக்கு உட்பட்டதே. அந்தத் திட்டத்தின் கெடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளிப்போனபோது காரணம் கேட்டதும் அக்குழுவே. ஆனால் தொலைத்தொடர்பு, அஞ்சல், மின்னணுவியல், ஒலிபரப்பு என்னும் அத்தனை துறைகளும் அதன் தலைமேல் உள்ளன. அதன் பரிந்துரைகள் அறிவுரைகளே. அரசு ஏற்றாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பன்னிரண்டாம் பிரிவை மட்டும் கையில் ஏந்தி வரிவரியாகக் கேட்கும் பணிக்கு அங்கே நேரமும் இல்லை.

அதன் விளைவைத் தொலைக்காட்சி வரலாற்றில் காணலாம். தூரதர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்புக் கோபுரங்கள் 2022-க்குள் பெரும்பாலும் ஓய்வு பெற்றன. 2004 டிசம்பரில் தொடங்கிய, மாதக் கட்டணம் இல்லாத செயற்கைக்கோள் சேவை அவற்றின் இடத்தை நிரப்பும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. மலைநாட்டுக்கு அஃது ஏற்ற தொழில்நுட்பமே என்று வாதிடலாம். குன்றின் நிழல் அதனைத் தடுப்பதில்லை. ஆனால் கிண்ண அலைவாங்கி வாங்க இயலாத குடும்பங்கள் எத்தனை, பழுதானால் சீர்செய்வார் மலையில் உண்டா, புயலும் மின்தடையும் வந்தால் எச்சரிக்கை எவ்வழியே செல்லும் என்ற வினாக்களை முடிவுக்கு முன்பே எழுப்பி விடை பெறுதல் எவர் பொறுப்பு? சட்டம் யாருக்கு அப்பொறுப்பைத் தந்ததோ அவர்களின் இருக்கை காலி.

மாநிலத்துக்கும் பங்கு இல்லாமலில்லை. தமிழக அரசு 2006 செப்டம்பர் 15 முதல் 2011 வரை தொலைக்காட்சிப் பெட்டி இல்லாத குடும்பங்களுக்கு வண்ணப் பெட்டிகளை விலையின்றி வழங்கிற்று. 2007-இல் அரசு கேபிள் டிவி நிறுவனத்தை நிறுவியது. பெட்டியும் கம்பியும் மாநிலத்தின் பணத்தில் வந்தவை. அவற்றின் கணக்கைச் சென்னைச் சட்டமன்றமும் அதன் பொதுக்கணக்குக் குழுவும் கேட்கலாம். பெட்டிக்குள் வரும் பொது ஒளிபரப்பின் கணக்கைத் தில்லியே கேட்கவேண்டும். கொல்லிமலை சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியில் அடங்கியது. பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி அது. மக்களவைக்கு நாமக்கல் தொகுதியில் வாக்களிக்கிறது. ஆகவே மலைவாசிக்கு இரண்டு வாயில்கள் உள்ளன. எந்த வினாவை எந்த வாயிலில் கேட்பது என்று அறிவதே பாதி வெற்றி.

நாம் செய்யத்தக்கது

வானொலிப் பெட்டிக்கு உரிமக் கட்டணம் செலுத்த அஞ்சலகத்துக்கு நடந்த காலத்தை முதியோர் நினைவுகூர்வர். 1985-இல் அக்கட்டணம் நீங்கிற்று. கட்டணம் நீங்கியதும், ‘நாம் பணம் தருகிறோம்; நமக்குக் கணக்கு வேண்டும்’ என்ற எண்ணமும் மெல்ல நீங்கிவிட்டது. உண்மையில் நாம் இன்றும் செலுத்துகிறோம். பாராளுமன்றம் ஒதுக்கும் மானியம் நம் வரிப்பணம். அலையோ தீர்ப்பின்படி நம் சொத்து.

கேட்பதற்கு வழிகள் உள. தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுதி, அவையில் வினா எழுப்பக் கோரலாம். மக்களவையில் குடிமக்களின் மனுக்களை ஆராய்வதற்கென்றே மனுக்கள் குழு ஒன்று இயங்குகிறது. 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் பொது ஒலிபரப்பு நிறுவனத்துக்கும் பொருந்தும். சிறுபான்மையினர், பழங்குடியினர் தேவை கருதி இந்த ஆண்டு வழங்கிய நிகழ்ச்சிகள் யாவை, அவை எத்தனை மணி நேரம், எந்த அலைவரிசையில் என்று எழுத்தில் கேட்கலாம். ஜமாஅத்துகளும் இலக்கிய மன்றங்களும் வாசகர் வட்டங்களும் தமக்காக மட்டுமின்றி, அதே வரியில் நிற்கும் மலை மக்களுக்காகவும் சேர்த்தே கேட்கட்டும். பன்னிரண்டாம் பிரிவு நம்மையும் அவர்களையும் ஏற்கெனவே ஒன்று சேர்த்துவிட்டது.

பதின்மூன்றாம் பிரிவைச் செயற்படுத்தப் புதிய சட்டம் வேண்டுவதில்லை. புதிய செலவும் பெரிதாக இல்லை. இரு அவைகளும் தத்தம் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தால் போதும். அவ்வாறு 22 பேர் அமரும் நாளில், அவர்கள்முன் வைக்கத்தக்க முதல் வினா கொல்லிமலையின் மடிப்பிலுள்ள ஒரு சிற்றூரைப் பற்றியதாக இருக்கட்டும்: அங்கே எந்த அலை சென்று சேர்கிறது? அந்த அலையில் அம்மக்களுக்கென என்ன வருகிறது?